பாங்கு சொன்னால் பாட்டு நிற்கும்

"ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ்தாங்கக்கா. லேப்டாப் ஹேங் ஆயிடுச்சுன்னு ரெஜினாவ சொல்லச் சொல்லுங்க. நான் குரூப்ல போட்டுடுறேன். மேட்டர் முடிஞ்சிடும்."

போன செவ்வாய்க்கிழமை காலை, சட்னி அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்த போன் இது. பேசியவர் என் மகள் ரெஜினா வேலை பார்க்கிற மெல்லிசைக் குழுவின் தலைவர். பெயர் வேண்டாம், ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் அவரிடமும் உண்டு — யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார்.

மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். எந்த லேப்டாப் ஹேங் ஆச்சு மாஸ்டர்? அவள்தான் இரண்டு லேப்டாப் வைத்து, இரண்டையும் ஒன்றாகவே ஓட விடுகிறாளே? ஒன்று படுத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் என்று நீங்கள்தானே மேடைக்கு மேடை பெருமை பேசுவீர்கள்?

மாஸ்டர் இருமினார். "அது நமக்குத் தெரியுங்கக்கா. ஜனங்களுக்கா தெரியப் போவுது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மிக்ஸி ஜாரில் தேங்காய்க்குப் பதில் என்னை எறிந்திருந்தாலும் அரைபட்டிருக்க மாட்டேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் இந்த வாரம் பத்தி கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ரெஜினா என்ன வேலை பார்க்கிறாள் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனா? இல்லை என்று நினைக்கிறேன். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. ப்ளேபேக் டெக்னீஷியன். இதைக் கேட்டதும் எல்லாரும் "பாடுறாளா?" என்று முகம் மலர்வார்கள். பாடவில்லை என்றதும் அந்த முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டுமே... "ஓ, சவுண்டு சர்வீஸா?" அதுவும் இல்லை.

விஷயம் இதுதான். மேடையில் ஏழெட்டுப் பேர் வாசிக்கிறார்கள். ஆனால் நீங்கள் சினிமாவில் கேட்ட பாட்டில் வயலின் மட்டுமே முப்பது நாற்பது பேர் வாசித்திருப்பார்கள். அத்தனை பேரையும் டாடா ஏஸ் வண்டியில் ஏற்றி எங்கள் ஊர் மரக்காணத்துக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது. அதனால் வயலின், கோரஸ், சங்கு, மணி என்று மேடையில் ஆள் இல்லாத சத்தங்களை எல்லாம் முன்பே தயார் செய்து லேப்டாப்பில் வைத்திருப்பார்கள். அதற்குப் பேர்தான் ட்ராக். டிரம்மரின் காதில் மட்டும் 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம் ஓடும். அதைப் பிடித்துக்கொண்டு அவர் வாசிக்க, அவரைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வாசிக்க, ட்ராக்கும் மேடையும் ஒன்றாகப் போகும். பாடுகிறவர் உற்சாகத்தில் சரணத்தை இன்னொரு முறை எடுத்தால், ட்ராக்கும் அங்கே திரும்ப வேண்டும். இது எல்லாம் ரெஜினாவின் விரலில் இருக்கிறது. ஒரு நொடி அசந்தால் டிரம்ஸ் ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம். கல்யாண வீட்டில் ரசம் ஊற்றுகிற இலையில் பாயசம் விழுந்த கதைதான்.

"பட்டன் அமுக்குற வேலைதானே?" என்றார் என் கொழுந்தனார். ஏன், பைலட்டும் பட்டன்தான் அமுக்குகிறார். நீங்கள் போய் அமுக்குங்களேன்!

பி.காம் முடித்துவிட்டு ஆரோவில் பக்கம் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் ஆபீஸ் வேலைக்குப் போனவள் அவள். போன் எடுப்பது, வருகிறவர்களுக்குத் தேதி கொடுப்பது. கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசித்த கை சும்மா இருக்குமா? முன்னறையில் இருந்தவள் மெல்ல மெல்ல உள்ளறைக்கு நகர்ந்துவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் தூங்க, இவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டைப் பிரித்துப் பிரித்துக் கேட்பாளாம். ஒரு நாள் மாஸ்டர் அங்கே ட்ராக் தயார் செய்ய வந்தார். போகும்போது இவளையும் குழுவுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் உப்பளத்தில் சூப்பர்வைசர். உப்பை வைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. ஆனால் ரெஜினாவுக்கு முதல் எதிரியே உப்புதான். இந்தக் கடற்காற்று ஒயர் முனைகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். துடைத்துத் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைப்பாள். செருப்புப் பெட்டியில் 'சாப்பிடாதே' என்று எழுதிய சின்னப் பொட்டலம் ஒன்று இருக்குமே, ஈரம் உறிஞ்ச... எங்கள் சொந்தத்தில் யார் செருப்பு வாங்கினாலும் அந்தப் பொட்டலம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பாதிரியார் செருப்பு வாங்கினால் கூட. இப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருப்பவளிடம் போய், லேப்டாப் ஹேங் ஆகிவிட்டது என்று சொல் என்றால்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மாதா கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. அந்தத் தெருமுனையில் ஹாஜா பாயின் டீக்கடை. திருவிழாவில் மேடைக் கச்சேரி நடக்கும்போது பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால், மேடையில் எல்லாச் சத்தமும் நிற்கும். பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் சரி. பாங்கு முடிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து எடுப்பார்கள். எங்கள் தேர்பவனி அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது ஹாஜா பாய் கடை ரேடியோவை நிறுத்திவிட்டு ரோஸ்மில்க் கலக்கிக்கொண்டு நிற்பார். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாக எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து இதற்கு மத நல்லிணக்கம் என்று போஸ்டர் அடித்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பேசும்போது நாம் கொஞ்சம் வாயை மூடுவது. அவ்வளவுதான்.

முன்பெல்லாம் பிரச்சினை இல்லை. மாஸ்டர் கையைத் தூக்குவார், குழு நிற்கும். ட்ராக் வந்த பிறகு கையைத் தூக்கினால் லேப்டாப்புக்குத் தெரியுமா? அதனால் ரெஜினா எங்கள் ஊருக்கென்றே ஒவ்வொரு பாட்டிலும் அங்கங்கே குறி போட்டு வைத்திருக்கிறாள். எங்கே நிறுத்தினாலும் அடுத்த குறியிலிருந்து டிரம்மர் காதில் 'டிக் டிக்' கொடுத்து எல்லாரையும் ஒன்றாகக் கிளப்பிவிடுவாள். 

இந்த வருஷத் திருவிழாவுக்கு ஒரு பாடகர் வந்தார். டிவி போட்டியில் ஜெயித்தவர். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளே என்னோடு சண்டைக்கு வருவார்கள். சாயங்காலமே அவருடைய மேனேஜர் ஒரு பென் டிரைவோடு வந்துவிட்டார். அண்ணனுக்குத் தொண்டை சரியில்லையாம். அதனால் 'சேஃப்டிக்கு' அண்ணனின் குரலும் ட்ராக்கிலேயே இருக்கிறதாம். 

ரெஜினாவுக்குப் பிடிக்கவில்லை. மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். "போடும்மா" என்றார். போட்டாள்.

ஆனால் ஒன்று செய்தாள். பாடகரிடமே நேரில் போய், ராத்திரித் தொழுகைக்கு இஷா பாங்கு வரும், வந்தால் நான் ட்ராக்கை நிறுத்துவேன், நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள் சார் என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

பாங்கு நேரத்தில் பாட்டே வராதபடிதான் மாஸ்டர் வரிசை போட்டிருந்தார். அந்த நேரத்தில் பாதிரியார் பேசுவதாக ஏற்பாடு. ஆனால் பாடகர் மேடைக்கு வருவதற்கு முன்னால், ரசிகர் ஒருவர் வீட்டில் காபி குடிக்கப் போனவர், திரும்பி வரத் தாமதமாகிவிட்டது. வந்ததும், பாண்டிச்சேரியில் இன்னொரு ப்ரோக்ராம் இருக்கிறது, உடனே ஏற வேண்டும் என்று நின்றார். பாதிரியார் பேச்சைத் தள்ளி வைத்தார்கள். பாடகர் ஏறினார். ஜனங்கள் விசில் அடித்தார்கள். நானும் கை தட்டினேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், குரல் நன்றாகத்தான் இருந்தது!

இரண்டாவது பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை மேலே நீட்டி, மனிதர் உச்சத்தில் இருக்கிறார். அப்போது பள்ளிவாசல் ஸ்பீக்கரில் பாங்கின் முதல் சொல் கேட்டது.

ரெஜினா நிறுத்தினாள். டிரம்மர் குச்சிகளை மடியில் வைத்தார். மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். எல்லாம் நின்றது. பாடகரின் குரலும் நின்றது.

பாடகரின் வாய் நிற்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். ட்ராக் நின்றால் வயலின் நிற்கும், கோரஸ் நிற்கும். குரல் ஏன் நிற்க வேண்டும்? மைக் அவர் கையில் அல்லவா இருக்கிறது? கண்ணை மூடியபடி, நீட்டிய கை நீட்டியபடி, வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார். சத்தம் இல்லை. எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். போதாதா? ஊர் மொத்தமும் எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால் யாரும் சிரிக்க முடியாது. பாங்கு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் இருமுவதற்குக்கூட யோசிப்பார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். பாதிரியார் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியாஸ்திரிகள் இருவர் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தார்கள், ஜெபம் ஓடியதாகத் தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. மேடையில் அந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீட்டிய கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல், கடைசியில் தலையைச் சொறிந்தார்.

பாங்கு முடிந்தது. மைதானம் வெடித்தது. எங்கள் ஊர் திருவிழா வாணவேடிக்கைக்குக்கூட அப்படிச் சத்தம் எழுந்ததில்லை.

"மைக் ப்ராப்ளம்" என்றார் பாடகர். மைக்கில்தான் சொன்னார். நன்றாகக் கேட்டது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இதில் தப்பு யார் மேல்? பாடாமல் பாடியவர் மேலா? பென் டிரைவ் கொண்டுவந்தவர் மேலா? வானத்தைப் பார்த்தவர் மேலா? இல்லை. எல்லாரும் சேர்ந்து கண்டுபிடித்த குற்றவாளி ரெஜினா!

ட்ராக்கை நிறுத்தியிருக்கவே கூடாதாம். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து ஓட விட்டிருக்க வேண்டுமாம். 'ப்ரொஃபெஷனலாக' இருந்தால் அதுதான் செய்வார்களாம். மேனேஜர் சொன்னார். அதாவது பாங்குக்கு நடுவில் ஒரு காதல் பாட்டு மெல்லமாக ஓடலாம், அண்ணன் மானம் போகக் கூடாது. எங்கள் தெருவிலேயே ஒருவர், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த ஒயர் வேலை என்றார். இன்னொருவர், வேண்டுமென்றேதான் செய்திருப்பாள், அவள் முழியே அப்படி என்றார். முழியாம்! அவளைப் பெண் பார்க்க வந்தபோது இதே முழியை லட்சணம் என்றவர்தான் அவர்.

யாரோ எடுத்த வீடியோ போனுக்குப் போன் ஓடியது. பாடகர் கொதித்துவிட்டார். அடுத்த மாதம் மஸ்கட்டில் ப்ரோக்ராம். இதே பாடகர், இதே குழு. ரெஜினாவுக்கு முதல் விமானப் பயணம். இதற்காகவே எடுத்த பாஸ்போர்ட் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் அதை எடுத்துக் காட்டாமல் விடமாட்டார். அந்தப் பயணத்துக்குத்தான் வேட்டு வைத்தார்கள். ஒன்று, லேப்டாப் ஹேங் ஆகிவிட்டது, என் தவறுதான், குரல் வராததற்கு அதுதான் காரணம் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மஸ்கட் கிடையாது. குழுவிலும் கிடையாது. அதைச் சொல்லத்தான் செவ்வாய்க்கிழமை மாஸ்டரின் போன்.

ரெஜினாவிடம் சொன்னேன். அவள் ஒயர் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை. 

என் வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். உப்பளத்தில் முதலாளியிடமும் லாரிக்காரனிடமும் அனுசரித்து அனுசரித்தே பழகியவர். "ஒரு வார்த்தைதானம்மா. சொல்லிட்டுப் போயேன். யாரு குடி கெட்டுடப் போவுது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவரு பாடினது அவரோட பொய்ப்பா. இது ஹேங் ஆச்சுன்னு சொன்னா அது என்னோட பொய். நாளைக்கு எந்த மேடையில என்னை நம்பி லேப்டாப்ப குடுப்பாங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். 

வாய்ஸ் மெசேஜ் கேட்டார்கள் அல்லவா, அனுப்பினாள். என் எதிரில்தான் பேசினாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"மாஸ்டர், லேப்டாப் ஹேங் ஆவலைங்க. நான்தான் நிறுத்தினேன். பாங்கு சொன்னாங்க, அதனால நிறுத்தினேன். நாளைக்கும் சொல்லுவாங்க, நாளைக்கும் நிறுத்துவேன்."

நீல நிற டிக் வந்தது. பதில் வரவில்லை. சாயங்காலம் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ராச்சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. நான் மட்டும் கோபத்தில் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன். எனக்கு அப்படித்தான்.

மறுநாள் ஹாஜா பாய் கடை வழியாகப் போனேன். கூப்பிட்டு உட்கார வைத்து, கேட்காமலே டீ கொடுத்தார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. "புள்ள பண்ணது சரிதாங்கக்கா. ஆனா பாங்குக்கு நடுவுல எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அதுக்கு நான்தான் அல்லாகிட்ட தவ்பா செஞ்சு மன்னிப்பு கேட்டுட்டு இருக்கேன்."

பிறகு அவரே ஒன்று கேட்டார். கடை வைப்பதற்கு முன்னால் மஸ்கட்டில் பல வருஷம் இருந்தவர் அவர். அங்கேயும் மேடை நிகழ்ச்சிகளில் பாங்கு கேட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்களாம். "அங்க போயி இவரு என்னக்கா பண்ணுவாரு?" என்றார்.

இது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள். அவ்வளவு கோபத்தில் இருந்திருக்கிறேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் சிரித்தேன். ஆனால் அதை ரெஜினாவிடம் சொல்லவில்லை. எதற்கு வீணாக ஆசை காட்டுவது?

நேற்று மாஸ்டர் போன் செய்தார். இந்த முறை எனக்கு இல்லை, அவளுக்கே. நான் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். பெற்றவள் என்றால் அவ்வளவு உரிமைகூட இல்லையா?

மனிதர் சுற்றி வளைத்துத்தான் வந்தார். வெயில், மழை, அப்பா சௌக்கியமா... கடைசியில் விஷயத்துக்கு வந்தார். மஸ்கட்காரர்கள் நிகழ்ச்சி விதிமுறைகளை அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்திலேயே பள்ளிவாசல். பாங்கு தொடங்கினால் மேடையில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. முடிந்த பிறகு தொடரலாம். புதிதாகப் பிடித்த டெக்னீஷியனை வைத்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். நிறுத்துவது சுலபம், யாரும் நிறுத்தலாம். மறுபடி கிளப்பினால் டிரம்ஸ் ஒரு ஊரில் இருக்கிறது, வயலின் ஒரு ஊரில் இருக்கிறது. "உன் குறியெல்லாம் இருந்தாத்தாம்மா ஓடுது" என்றார் மாஸ்டர். குரலில் ஒரு வெட்கம் இருந்தது. சொன்னேனே, நல்ல மனிதர்.

நான் வாயைத் திறக்கப் போனேன். வந்த வசவு அத்தனையும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. ரெஜினா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பாங்குக்கு நிறுத்துவது மாதிரியே.

"வர்றேன் மாஸ்டர். ஆனா ட்ராக்ல குரல் இருக்காது. வயலின் நான் எடுத்துட்டு வர்றேன், கோரஸ் நான் எடுத்துட்டு வர்றேன். குரல அவரு எடுத்துட்டு வரட்டும்."

மாஸ்டர், பாடகரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இந்த முறை வானத்தைப் பார்த்தாரா, தரையைப் பார்த்தாரா, தெரியவில்லை.

இந்த நிமிஷம் வரை பதில் இல்லை. பாஸ்போர்ட் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. என் வீட்டுக்காரர் தூசி படக் கூடாதென்று அதன் மேல் ஒரு துணி போட்டு வைத்திருக்கிறார், கேட்டால் சும்மாதான் என்கிறார். ரெஜினா அதைத் திரும்பியும் பார்க்காமல் ஒயர் துடைக்கிறாள். நான் மட்டும் போன் அடிக்கிறதா, அடிக்கிறதா என்று இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு தகவல் மட்டும் வந்தது, குழுவின் டிரம்மர் மூலமாக. பாடகர் இப்போதெல்லாம் விடியற்காலையில் எழுந்து, சுக்குக் காபி குடித்துவிட்டு, சாதகம் பண்ணுகிறாராம்.

பண்ணட்டும். மஸ்கட்டில் பாங்கு ஐந்து வேளையும் உண்டு.